சொல்லாமல் விட்டது

தள்ளு என்றுதான் அடித்தேன்.
கூடவே, கட்டாயமாக என்று ஒரு சொல்.
எதை என்று சொல்லவில்லை.
எங்கே என்றும்.

ஐந்து ரோட்டில் மூன்றாம் மாடி, இரவு பத்தேகால்.
கீழே செருப்புக் கடை ஷட்டர் இறங்கிவிட்டது.
ஆத்தூர் ஜவ்வரிசி ஆலையின் பில்லில்
பத்துப் பைசா பிசகு. திருத்தியாயிற்று.
என் ஒற்றைக் கிளையை அனுப்பிவிட்டுக்
கடைசி டவுன் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும்.

ஒரு வரி வரும் என்று பார்த்தால்
ஐந்து ஓடின.
என் கணினியில் எப்போதோ இறக்கி
மறந்தே போன பழம்பிரதிகள்
சர்வரில் தத்தம் பெயரைத் தேடிக் கண்டுபிடித்து
அங்கே இருந்ததன்மேல் ஏறி உட்கார்ந்தன.

நாலாவது வரி ஃபௌசியாவின் கிளை.
மூன்று வாரமாக அவள் போட்ட பாயிண்ட் கணக்கு:
கிழங்கின் மாவுக்கு விலை, மண்ணுக்குக் கழிவு,
மழை நாளுக்கு வேறு கழிவு.
சர்வரில் இப்போது இருந்தவள்
ஆடி மாதத்து ஃபௌசியா,
மழைக்கணக்கு இன்னும் தெரியாதவள்.

அந்த இயந்திரம் எனக்கு முன்னால் அர்த்தநாரியுடையது.
ஓசூருக்கு வேலை மாறிப் போனவர்
நாற்காலியின் உயரத்தையும்
ஒரு பழைய அமைப்பையும் விட்டுப் போயிருந்தார்:
பேர் சொல்லாவிட்டால்
பேர் பொருந்துகிற எல்லாம்.
நாற்காலியை முதல் நாளே இறக்கிக்கொண்டேன்.
இதை யார் திறந்து பார்க்கிறார்கள்.

மற்ற மூன்று பேரும் பல் விளக்குமுன்
தங்கள் பிரதியை மீட்டுவிட்டார்கள்.
ஃபௌசியா மட்டும் மலையில்,
நாகலூர் தாண்டி, தோழியின் நிச்சயதார்த்தம்.
தொடர்பு எல்லைக்கு வெளியே என்று
போன் இரண்டு மொழியில் சொன்னது.

விடிகாலை பஸ்.
எட்டாவது கொண்டை ஊசியில்
எதிரே ஒரு காய்கறி வேன் இறங்கி வந்தது.
எங்கள் டிரைவர் ஹாரன் அடிக்கவில்லை, கை காட்டவில்லை.
வேன் தானாக ஒதுங்கி நின்றது.
ஏறுகிறவனுக்கு வழி.
யாரும் வாய் திறக்காதபோது நடக்க வேண்டியது
அங்கே முன்பே முடிவாகியிருந்தது,
நின்றுவிட்டால் மறுபடி கிளம்பத்
திணறுகிறவன் பக்கமாக.

ஃபௌசியாவுக்கு இரண்டு கையிலும் ஈர மருதாணி.
"அறையக்கூட முடியாது இப்ப," என்றாள்.
தண்ணீர்த் தொட்டி மேட்டில்தான் இரண்டு கோடு சிக்னல்.
அவள் லேப்டாப், என் விரல்கள்.
"எங்கேன்னு அடி. எதைன்னு அடி. முழுசா."
கிளையின் பெயரை எழுத்தெழுத்தாக
வாய்விட்டுச் சொல்லி அடித்தேன்,
மிளகுக்கொடி ஏறிய சில்வர் ஓக் மரங்களுக்கும்
கேட்கிற மாதிரி.
ஒரே ஒரு வரி ஓடியது.
கட்டாயம் என்ற சொல் தேவைப்படவில்லை.

திங்கட்கிழமை கூடிப் பேசினோம்.
சொல்லாவிட்டால் எதுவுமே போகக்கூடாது என்றான் லூர்து.
"ஒரு வாரம் பொறுப்பாங்க," என்றாள் கோகிலவாணி,
"அப்புறம் இதைவிட மோசமா
ஒரு குறுக்குவழி எழுதி வச்சுக்குவாங்க."
அவள் சொன்னது என்னைத்தான்.

சாயங்காலம் நால்வரும் தட்டுவடை செட்டுக்கு நின்றோம்.
கடைக்காரர் காரம் கேட்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை.
நடுக்காரம் வந்தது.
இருக்கிற சட்னி எல்லாவற்றையும் கொட்டவில்லை அவர்;
சொன்னால்தான் தட்டு என்று
கையைக் கட்டிக்கொண்டும் நிற்கவில்லை.

அதன்படியே முடிவாயிற்று:
நிற்கிற கிளை மட்டும்,
தன் பெயருள்ள இடத்துக்கு மட்டும்.
பெயர் மாறினால் நின்று கேட்கட்டும்.
கட்டாயத்தை அவரவர் பாடாக விட்டோம்.
லூர்துக்கு இன்னும் சம்மதமில்லை.

அடுத்த வாரம் புதிதாக ஒரு பெண் சேர்கிறாள்,
என் இயந்திரம் அவளுக்குப் போகிறது.
அமைப்பைத் திறந்து இரண்டு தடவை பார்த்தேன்.
பிறகு நாற்காலி.
அவள் உயரம் எனக்குத் தெரியாது.
நடுவில் வைத்தேன்.